தவக்காலம் தவணை கட்டும் காலமல்ல: இறை இரக்கம் எப்படிப் புதுப்பிக்கிறது?

நெற்றியில் சாம்பலோடு கோயிலிலிருந்து வெளியே வருகிறவர்களை நிறுத்தி, "எதுக்கு இந்த நாற்பது நாள்?" என்று கேட்டுப் பாருங்கள். "கறி தொடக்கூடாது" என்பார் ஒருவர். "ஆண்டவர் பாடுபட்டதை நினைச்சு நாமும் கொஞ்சம் கஷ்டப்படணும்" என்பார் இன்னொருவர். "வருஷம் பூராவும் செஞ்ச பாவத்துக்குப் பரிகாரம்" என்பவர்கள்தான் அதிகம். எதுவும் முழுப் பொய் இல்லை. ஆனால் மூன்று பதிலிலும் வேலை செய்கிறவர் மனிதர்தான்: விடுவதும் அவர், கஷ்டப்படுவதும் அவர், ஈடு கட்டுவதும் அவர். கடவுளோ கடைசியில் ரசீது போடும் காசாளர் மாதிரி உட்கார்ந்திருக்கிறார். தவக்காலத்து, அதாவது உயிர்ப்பு விழாவுக்கு (ஈஸ்டருக்கு) முந்தின இந்த நாற்பது நாள் நோன்புக் காலத்து, வாசகங்களையும் மன்றாட்டுகளையும் கவனித்துக் கேட்டால் வரிசை நேர் தலைகீழாக இருப்பது தெரியும். அந்த வரிசையைப் பிடித்துக்கொண்டால் மற்றதெல்லாம் தானாக இடத்தில் வந்து உட்காரும்.

இங்கே சொல்லப்படுவது கத்தோலிக்க வழக்கம். சி.எஸ்.ஐ., லுத்தரன் சபைகளில் இதையே 'லெந்து காலம்' என்பார்கள். குருவிடம் பாவங்களைச் சொல்லும் பகுதி அங்கே கட்டாயமில்லை; இரக்கத்தைப் பற்றிய பகுதி எல்லாருக்கும் பொது.

முதலில் கணக்கு: எந்த நாற்பது?

சாம்பல் புதன் (ஊர் வழக்கில் விபூதிப் புதன், திருநீற்றுப் புதன்) தொடங்கி, உயிர்ப்பு ஞாயிறுக்கு முந்தின சனி வரை நாள்காட்டியில் எண்ணினால் 46 வரும். நடுவில் 6 ஞாயிறுகள். ஞாயிறு ஒவ்வொன்றும் உயிர்ப்பின் நாள் என்பதால் அன்று நோன்பில்லை. கழித்தால் 40. வழிபாட்டுக் கணக்கில் தவக்காலம் பெரிய வியாழன் மாலைத் திருப்பலிக்கு முன்பே முடிந்துவிடும். அதன்பின் உயிர்ப்பு ஞாயிறு வரை வருவது பாஸ்கா முப்பெரும் நாள்கள் என்ற தனிக் காலம். இரண்டு கணக்கும் புழக்கத்தில் இருப்பதால்தான் ஆண்டுதோறும் "ஞாயித்துக்கிழமை கறி எடுக்கலாமா?" என்ற விவாதம் வீட்டுக்கு வீடு நடக்கிறது. சட்டப்படி தடையில்லை. நாற்பதும் முடியட்டும் என்று விட்டுவிடுவது குடும்பத்தின் பக்தி.

பூசும் சாம்பல் கடந்த ஆண்டுக் குருத்து ஞாயிறன்று மந்திரித்த ஓலைகளை எரித்து எடுத்தது. வீட்டுச் சிலுவைக்குப் பின்னால் ஓராண்டு சொருகியிருந்து காய்ந்த அதே குருத்தோலைதான்.

ஏரியில் தண்ணீர் இருக்கிறது

ஒரு கடைமடை வயலை நினைத்துக்கொள்ளுங்கள். ஏரி நிறைந்து கிடக்கிறது, வயலோ வெடித்துக் கிடக்கிறது. காரணம் வாய்க்கால். நெய்வேலிக் காட்டாமணக்கும் சேறும் அடைத்துக்கொண்டிருக்கின்றன. மண்வெட்டியோடு இறங்கித் தூர்வாரினால் தண்ணீர் வரும். ஆனால் தூர்வாரியவர் தண்ணீரை உண்டாக்கவில்லை. ஏரிக்கு விலையும் கொடுக்கவில்லை. தூர்வாரியதற்குக் கூலியாகத் தண்ணீர் வந்தது என்று எந்த விவசாயியும் சொல்லமாட்டார். அதே சமயம், "ஏரிதான் நிறைஞ்சிருக்கே" என்று வரப்பில் உட்கார்ந்திருந்தால் பயிர் காயும்.

ஏரி என்பது கடவுளின் இரக்கம். நோன்பு, செபம், தர்மம் ஆகிய தவமுயற்சிகள் மண்வெட்டி வேலை. தவக்காலத்தைப் பற்றிய குழப்பங்களில் பாதி, மண்வெட்டியால் தண்ணீர் சுரக்கிறது என்று நினைப்பதால் வருவது. மறுபாதி, மண்வெட்டியே வேண்டாம் என்று நினைப்பதால் வருவது.

இந்த உவமை ஓரிடத்தில் உதவாது. ஏரி தானாக வயலைத் தேடி வராது. விவிலியம் சொல்லும் இரக்கமோ தேடி வருவது. அதற்கு அந்தச் சொல்லுக்குள்ளேயே போகவேண்டும்.

'இரக்கம்' என்பது பிச்சை போடுவதல்ல

பேச்சுத் தமிழில் இரக்கத்துக்கு மேலிருந்து கீழே பார்க்கும் தொனி ஒன்று ஒட்டிக்கொண்டிருக்கிறது. "இரக்கப்பட்டு ஏதோ குடுத்தேன்" என்கிறோம். எபிரேய விவிலியத்தில் இந்த இடத்தில் வரும் முக்கியச் சொற்கள் இரண்டு. ஒன்று 'ரஹமீம்'. இது 'ரெஹெம்', அதாவது கருப்பை என்ற சொல்லோடு வேர் சேர்ந்தது. பிள்ளை எவ்வளவு கெட்டுப்போனாலும் 'பெத்த வயிறு' கேட்காது என்று நம் ஊரில் சொல்வோமே, அந்த வயிற்றுத் துடிப்புதான் ரஹமீம். மற்றது 'ஹெசெத்'. கொடுத்த வாக்கிலிருந்து விலகாத பற்று. தமிழ் விவிலியம் பெரும்பாலும் 'பேரன்பு' என்று பெயர்க்கும். முன்னது உணர்ச்சி, பின்னது உறுதி. இரண்டும் சேர்ந்ததே இறை இரக்கம்.

சாம்பல் புதனன்று பதிலுரைப் பாடலாக வரும் 51ஆம் திருப்பாடலின் முதல் வசனத்திலேயே இந்த இரண்டு சொற்களும் இருக்கின்றன. பாடுகிறவர் தன் நல்ல குணம் எதையும் சான்றாகக் காட்டவில்லை. உமது பேரன்புக்கேற்ப, உமது இரக்கத்துக்கேற்ப என்றே தொடங்குகிறார். அளவுகோல் கடவுள் பக்கம் இருக்கிறது.

அதே பாடலில் இன்னும் கீழே, தூய உள்ளம் ஒன்றை என்னுள் படைத்தருளும் என்று ஒரு வேண்டுதல் வரும். அங்கே 'படைத்தல்' என்பதற்கு உள்ள எபிரேய வினைச்சொல் 'பாரா'. தொடக்கத்தில் கடவுள் விண்ணுலகையும் மண்ணுலகையும் படைத்தார் என்று தொடக்கநூல் முதல் வரியில் வரும் அதே வினை. இந்த வடிவில் வரும்போது விவிலியத்தில் அதற்கு எழுவாய் கடவுள் மட்டும்தான்; மனிதர் எதையும் இப்படி 'பாரா' செய்வதில்லை. ஆன்மிகப் புதுப்பித்தல் என்பதன் கனம் இந்த ஒரு சொல்லில் தெரிகிறது. ஓட்டை ஒடிசலைப் பற்றவைத்து வெள்ளையடிப்பதை அந்தப் பாடல் கேட்கவில்லை. புதிதாக ஒன்றைப் படைக்கச் சொல்கிறது. அதை நாமே செய்துகொள்ள முடியாது, கேட்கத்தான் முடியும்.

கேட்டது தவணை, கிடைத்தது தள்ளுபடி

தவக்காலத்தின் 3ஆம் வாரச் செவ்வாயன்று வாசிக்கப்படும் நற்செய்தி மத்தேயு 18இல் உள்ள கடன்கார ஊழியன் கதை. பலரும் "மன்னிக்கணும்" என்ற நீதியோடு இதைத் தாண்டிவிடுகிறார்கள். தொகையைப் பார்க்காமல் தாண்டினால் கதையின் சூடு தெரியாது.

அவன் அரசனுக்குத் தரவேண்டியது பத்தாயிரம் தாலந்து. ஒரு தாலந்து ஏறத்தாழ 6,000 தெனாரியம். ஒரு தெனாரியம் ஒரு நாள் கூலி. ஆக மொத்தம் 6 கோடி நாள் கூலி. ஆண்டுக்கு 300 நாள் வேலை செய்து, ஒரு காசுகூடச் செலவழிக்காமல் கட்டினாலும் 2 லட்சம் ஆண்டுகள் ஆகும். இந்த நிலையில் அவன் காலில் விழுந்து கேட்பது என்ன? பொறுத்துக்கொள்ளுங்கள், எல்லாவற்றையும் கொடுத்துத் தீர்த்துவிடுகிறேன் என்கிறான். தவணை கேட்கிறான்! கடனின் அளவு அவன் மண்டையில் ஏறவே இல்லை. அரசன் தவணை கொடுக்கவில்லை. முழுவதையும் தள்ளுபடி செய்துவிடுகிறான்.

வெளியே போனவன் தனக்கு நூறு தெனாரியம், அதாவது நூறு நாள் கூலி, தரவேண்டிய உடன் ஊழியனின் கழுத்தைப் பிடிக்கிறான். அவனைக் கெட்டவன் என்று மட்டும் வாசித்துவிட்டு நகர்வதில் ஒரு நட்டம் உண்டு. தனக்குக் கிடைத்தது தள்ளுபடி என்று அவன் உள்ளூர நம்பவில்லை, இன்னும் தவணை மனநிலையிலேயே இருக்கிறான் என்றும் வாசிக்கலாம். கட்டவேண்டும் என்று நினைப்பவன்தான் வசூலிக்க ஓடுவான். நாற்பது நாளும் சுத்தமாக நோன்பிருந்துவிட்டு, நோன்பிருக்காத மருமகளைக் கரித்துக்கொட்டும் மாமியாரைப் பார்த்திருப்பீர்கள். நோய் அதேதான்.

லூக்கா 15இல், அப்பாவின் சொத்தில் பங்கை வாங்கிப்போய் அழித்துவிட்டுத் திரும்பிவரும் ஊதாரி மகனிடமும் இதே பேரம் இருக்கிறது. பன்றித் தொழுவத்தில் உட்கார்ந்து அவன் மூன்று வாக்கியங்களை ஒத்திகை பார்க்கிறான்: பாவம் செய்தேன், உம் மகன் எனப்படத் தகுதியற்றவன், உம் கூலியாள்களுள் ஒருவனாக வைத்துக்கொள்ளும். ஒத்திகை 18, 19 வசனங்களில். வீட்டு வாசலில் அவன் உண்மையில் பேசுவது 21ஆம் வசனத்தில். விரலை வைத்து ஒப்பிட்டுப் பாருங்கள்: முதல் இரண்டு வாக்கியம் இருக்கிறது, மூன்றாவது இல்லை. 22ஆம் வசனத்தில் அப்பா பணியாளர்களைக் கூப்பிட்டு முதல்தரமான ஆடை, மோதிரம், மிதியடி என்று அடுக்க ஆரம்பித்துவிடுகிறார். கூலி பேச இடமே கிடைக்கவில்லை. 'பாவம் செய்தேன்' என்பதை அப்பா கேட்டுக்கொள்கிறார், அது உண்மை. 'கூலியாளாக வைத்துக்கொள்' என்பதை அவர் கேட்கவே இல்லை.

இதுவரை வந்ததைச் சேர்த்துப் பார்த்தால்: இரக்கம் நம் முயற்சிக்குக் கூலி இல்லை, முயற்சிக்கு முன்பே அங்கே இருப்பது. நாம் செய்யவேண்டியது திரும்பி நடப்பது. எபிரேயத்தில் மனமாற்றத்துக்குரிய 'ஷூவ்' என்ற வினைக்கு நேர்ப்பொருளே 'திரும்பு' என்பதுதான்.

அப்படியானால் நோன்பு எதற்கு?

தூர்வாருவதற்கு. வாய்க்காலை அடைப்பவை பொதுவாக மூன்று: தன் வயிறு, தன் பேச்சு, தன் பணம். நோன்பு முதலாவதில் கைவைக்கிறது, செபம் இரண்டாவதை அடக்கிக் கேட்க வைக்கிறது, தர்மம் மூன்றாவதைத் திறக்கிறது. சாம்பல் புதன் நற்செய்தியில் (மத்தேயு 6) இந்த மூன்றும்தான் வருகின்றன. மூன்றையும் பிறர் பார்க்கச் செய்யாதீர்கள் என்ற எச்சரிக்கையோடு. 5ஆம் நூற்றாண்டில் ரவென்னா நகர ஆயராக இருந்த புனித பேதுரு கிறிசோலோகு, இவை மூன்றும் ஒன்றுதான், ஒன்றுக்கொன்று உயிர் கொடுப்பவை, பிரிக்கக்கூடாது என்று பிரசங்கித்தார். பட்டினி கிடந்து மிச்சமான பணம் உண்டியலுக்கோ பசித்தவருக்கோ போகாமல் உயிர்ப்பு ஞாயிறு பிரியாணிக்குச் சேர்ந்தால், அது உணவுக் கட்டுப்பாடு. நல்லதுதான், நோன்பு இல்லை.

சட்டம் கேட்பது மிகக் குறைவு. பழைய மந்திரப் புத்தக (செபப் புத்தக)ச் சொற்களில் சொன்னால் இரண்டு கடமைகள். ஒருசந்தி என்பது ஒரே ஒரு முழுச் சாப்பாடு. காலையும் மாலையும் வேண்டுமானால் சிறிதளவு. சாம்பல் புதன், பெரிய வெள்ளி என்று ஆண்டுக்கு 2 நாள் மட்டும் கட்டாயம். 18 வயது நிறைந்தவர் முதல் 59 வயது நிறைவது வரை. சுத்தபோசனம் என்பது இறைச்சி தவிர்ப்பது. இந்த 2 நாளோடு தவக்கால வெள்ளிகள் எல்லாவற்றிலும், 14 வயது நிறைந்த எல்லாருக்கும். நோயாளிகளுக்கும் கர்ப்பிணிகளுக்கும் பாலூட்டுகிறவர்களுக்கும் விலக்கு உண்டு. சர்க்கரைக்கு இன்சுலின் போடுகிறவர் ஒருசந்தி இருந்து மயங்கி விழுவதில் எந்தப் புண்ணியமும் இல்லை. அவர் தொலைக்காட்சியை ஒரு வேளை அணைத்து வைக்கலாம்.

மீனுக்கு வருவோம். திருச்சபைச் சட்டத்தில் 'இறைச்சி' என்பதில் மீன், முட்டை, பால் சேராது. நம் வீடுகளில் மீனும் அசைவம் என்பதால் அதையும் விடுகிறார்கள். அது நல்ல வழக்கம். ஆட்டுக்கறிக்குப் பதிலாக வெள்ளிக்கிழமை வஞ்சிரம் வாங்கி வறுத்தால் சட்டம் தப்பிவிடும். வாய்க்கால் அப்படியே கிடக்கும்.

எங்கே சறுக்குகிறது? முதல் வாரம் எட்டு உறுதி எடுப்பது, மூன்றாம் வாரம் ஒன்றுகூட நிற்காமல் போவது, அப்புறம் "இந்த வருஷம் போச்சு" என்று முழுதும் விட்டுவிடுவது. எடுப்பது ஒன்றாக இருக்கட்டும். அளவு சொல்லக்கூடியதாக இருக்கட்டும். "கோபத்தைக் குறைப்பேன்" என்பதை யாரும் அளக்க முடியாது. "பேசாமல் இருக்கும் தம்பிக்கு இந்த வாரம் போன் செய்வேன்" என்றால் நடந்ததா இல்லையா என்பது சனிக்கிழமை தெரிந்துவிடும். தவறினால் மறுநாள் தொடரலாம். தவறியதையும் சேர்த்துக் கட்ட வேண்டியதில்லை. இது தவணை அல்ல.

புதுப்பிக்கப்படுவது எது?

'புதுப்பித்தல்' என்றதும் மனசு லேசாவது, அழுகை வருவது என்று நினைக்கிறோம். வரலாம், வராமலும் போகலாம். திருச்சபை புதுப்பிப்பது ஒரு குறிப்பிட்ட விஷயத்தை: திருமுழுக்கை, அதாவது ஞானஸ்நானத்தை.

தொடக்கத் திருச்சபையில் தவக்காலம், பாஸ்கா இரவில் (உயிர்ப்பு ஞாயிறுக்கு முந்தின இரவில்) திருமுழுக்குப் பெறப்போகிறவர்களின் கடைசிக்கட்டப் பயிற்சியாக இருந்தது. கூடவே, பெரும் பாவம் செய்து சபையிலிருந்து விலக்கப்பட்டவர்களும் இந்த நாள்களில் வெளிப்படையாகத் தவம் செய்தார்கள். ரோமில் அவர்களைப் பெரிய வியாழனன்று மீண்டும் சேர்த்துக்கொண்டார்கள். சாம்பல் முதலில் அவர்கள் தலைக்குரியது. பின்னால்தான் எல்லார் தலைக்கும் வந்தது. ஒரு வாசலில் புதிதாக வருகிறவர்கள், இன்னொரு வாசலில் திரும்பி வருகிறவர்கள். இரண்டு கூட்டமும் பாஸ்கா இரவில் ஒரே பந்தியில். திருச்சபைத் தந்தையர் (தொடக்க நூற்றாண்டுகளின் ஆசிரியர்கள்) ஒப்புரவை, அதாவது பாவசங்கீர்த்தனத்தை, 'கப்பல் உடைந்தபின் கிடைக்கும் இரண்டாவது பலகை' என்றார்கள். முதல் பலகை திருமுழுக்கு. இன்றும் பாஸ்கா திருவிழிப்பில் கையில் மெழுகுதிரியோடு, சாத்தானை விட்டுவிடுகிறீர்களா என்ற கேள்விக்கு "விட்டுவிடுகிறோம்" என்று எல்லாரும் பதில் சொல்லி, மேலே தீர்த்தம் தெளிக்கப்படும் அந்த ஐந்து நிமிடத்தை நோக்கித்தான் நாற்பது நாளும் நடக்கிறோம். கால் வலிக்கிறது என்று அந்த நேரத்தில் வெளியே போய் நிற்பவர்கள் கவனிக்கவும்.

பாவசங்கீர்த்தனம்: பாகம் பாகமாக

இரக்கம் ஒரு கருத்தாக நின்றுவிடாமல் காதில் விழும் சொல்லாக வரும் இடம் ஒப்புரவு அருட்சாதனம்: செய்த பாவத்தைக் குருவிடம் சொல்லி, கடவுளின் மன்னிப்பைப் பெறும் சடங்கு. பெரும்பாலோர் வாயில் பாவசங்கீர்த்தனம். பழைய ஞானோபதேசம் இதற்கு ஐந்து காரியங்கள் வேண்டும் என்று வரிசைப்படுத்தும்.

முதலாவது ஆத்தும சோதனை, செய்ததை நினைத்துப் பார்ப்பது. கால் மணி நேரம் போதும். பத்துக் கட்டளைகளை ஒவ்வொன்றாக எடுத்துக்கொண்டு, செய்ததோடு செய்யாமல் விட்டதையும் பார்க்கவேண்டும். வரிசையில் நிற்கும்போது அவசரமாக யோசிப்பதால்தான் பலருக்கும் பத்தாம் வயதில் சொன்ன அதே பட்டியல் ஐம்பதிலும் வருகிறது: பொய் சொன்னேன், கோபப்பட்டேன், கோயிலுக்கு வரவில்லை.

இரண்டாவது மனஸ்தாபம், மனம் வருந்துவது. ஐந்தில் இதயம் இதுதான். வெட்கமும் மனஸ்தாபமும் ஒன்றல்ல. 'நானா இப்படிச் செய்தேன்' என்பது வெட்கம். கண் தன்மேலேயே இருக்கிறது. 'உம்மை விட்டு இவ்வளவு தூரம் போய்விட்டேனே' என்பது மனஸ்தாபம். கண் அப்பா மேல் திரும்பிவிட்டது. கண்ணீர் கட்டாயமில்லை.

மூன்றாவது இனிச் செய்வதில்லை என்ற பிரதிக்கினை. "மறுபடி விழுந்துடுவேன்னு தெரியும், அப்புறம் எப்படி வாக்குக் கொடுப்பது?" என்று தயங்குகிறவர்கள் உண்டு. கேட்கப்படுவது இப்போதைய மனது. எதிர்காலத்துக்கு உத்தரவாதம் இல்லை. ஆனால் அந்தக் கடைப் பக்கமே போகாமல் வேறு தெரு வழியாக வீட்டுக்குப் போவது போன்ற ஒரு நடைமுறை முடிவு கூடவே இருக்கவேண்டும்.

நான்காவது சொல்வது. சாவான பாவங்களை, அதாவது கனமான காரியத்தில் முழு அறிவோடும் முழுச் சம்மதத்தோடும் செய்தவற்றை, வகையும் எண்ணிக்கையும் சொல்லவேண்டும். சரியான எண் தெரியாவிட்டால் ஏறக்குறைய. கதை வேண்டாம், அடுத்தவர் பெயர் வேண்டாம், கணவரின் பாவங்களை மனைவி சொல்ல வேண்டியதில்லை. மறந்துபோனது மன்னிப்பில் சேர்ந்துவிடும். சாவான பாவமானால் நினைவு வரும்போது அடுத்த முறை சொல்லிவிடவேண்டும். தெரிந்தே மறைத்தால்தான் முழுதும் பாழ். மருத்துவரிடம் கையைக் காட்டி, சீழ் வைத்த காலை மறைப்பது போன்றது. குரு கேட்டதை யாரிடமும் எந்தக் காரணத்துக்காகவும் வெளியிடக்கூடாது. திருச்சபைச் சட்டத்தின் 983ஆம் விதி. கேட்டு முடித்ததும் குரு தந்தை, மகன், தூய ஆவியாரின் பெயரால் பாவமன்னிப்பு வழங்குகிறார்.

ஐந்தாவது அபராதம், குரு சொல்லும் செபமோ நற்செயலோ. மன்னிப்புக்கு விலையாக இதை நினைக்கவேண்டாம். மன்னிப்பு ஏற்கெனவே கிடைத்துவிட்டது. எலும்பை ஒட்டவைத்த பிறகு செய்யும் பயிற்சி மாதிரி. ஆனால் திருடிய பணத்தைத் திருப்பித் தருவதும், கெடுத்த பெயரை அதே ஆள்களிடம் போய்ச் சரிசெய்வதும் தனிக் கடமை. மூன்று அருள்நிறை மந்திரம் அதற்கு ஈடாகாது. நற்செய்தியில் வரும் வரி வசூலிப்பவர் சக்கேயு, ஏமாற்றியதை நான்கு மடங்காகக் கொடுக்கிறேன் என்றது இயேசு அவன் வீட்டுக்குப் போன பிறகுதான் என்பதையும் கவனிக்கவும். அங்கேயும் இரக்கம் முதல், ஈடு பிறகு.

ஆண்டுக்கு ஒரு முறையாவது செய்யவேண்டும் என்பது 1215இல் நடந்த 4ஆம் லாத்தரன் சங்கத்தின் (ஆயர்களின் பொதுக்கூட்டத்தின்) சட்டம். அதனால் எல்லாரும் புனித வாரத்துக்கு ஒதுக்கிவைக்கிறார்கள். ஒரு குருவுக்கு முந்நூறு பேர், ஆளுக்கு ஒரு நிமிடம். 2014 முதல் தவக்கால 4ஆம் ஞாயிறுக்கு முந்தின வெள்ளி, சனியில் 'ஆண்டவருக்காக 24 மணி நேரம்' என்று கோயில்களைத் திறந்துவைத்துப் பாவசங்கீர்த்தனம் கேட்கும் வழக்கம் உலக அளவில் இருக்கிறது. உங்கள் பங்குக் கோயிலில் இருந்தால் அப்போதே போய்விடுங்கள்.

இறை இரக்க ஞாயிறு தவக்காலத்தில் இல்லை

பெயரை வைத்துப் பலரும் குழம்புவதால் இது. போலந்துத் துறவி புனித பவுஸ்தீனாவின் வெளிப்பாடுகளிலிருந்து வந்த இறை இரக்கப் பக்தியின் நவநாள் (ஒன்பது நாள் செபம்) பெரிய வெள்ளியன்று தொடங்கும். ஞாயிறு கொண்டாட்டமோ உயிர்ப்புக்கு அடுத்த ஞாயிறு, பாஸ்கா காலத்தில். பவுஸ்தீனாவைப் புனிதராக அறிவித்த 2000ஆம் ஆண்டில் திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் அந்த ஞாயிறுக்கு இந்தப் பெயரைக் கொடுத்தார். அன்று வாசிக்கப்படும் நற்செய்தியில் உயிர்த்த இயேசு சீடர்கள்மேல் ஊதி, பாவங்களை மன்னிக்கும் அதிகாரத்தைக் கொடுக்கிறார். அன்றைக்கென்று காலையில் போய்த் தனியாக வரிசையில் நிற்க வேண்டியதில்லை; தவக்காலத்தின் கடைசி வாரங்களில் செய்த பாவசங்கீர்த்தனம் போதும்.